படம் முடிந்த பிறகு வரும் பெண்

கேசட்டம்மாவுக்கு இரண்டு விஷயங்கள் அறவே பிடிக்காது. ஒன்று, பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது. அதை அவளே தாராளமாகச் செய்வாள் என்பது வேறு விஷயம். இன்னொன்று, படம் பார்த்து முடித்த கேசட்டைப் பின்னால் சுற்றாமல் அப்படியே கொண்டுவந்து கொடுப்பது. முதலாவதைச் செய்தவர்கள் அதட்டலோடு தப்பித்தார்கள். இரண்டாவதைச் செய்தவர்களைத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாதபடி செய்துவிடுவாள்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டின் முன்னறைதான் கடை. முன்பு அங்கே கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். அவர் காலி செய்துவிட்டுப் போனதும், அறையை யாருக்கு விடலாம் என்று மாமனார் யோசித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்து புதுப்புடவை வாசனைகூடப் போகாத மருமகள், "எனக்கு விடுங்க மாமா" என்றாள். மாமனார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கணவர் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். நகல் எடுப்பதற்காக வீட்டில் கேசட் ஓட்டும் டெக்குகள் இரண்டு வைத்திருந்தார். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அவை துணி போர்த்திக்கொண்டு தூங்கும். சும்மா இருக்கும் எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை அரிக்கும். அப்படித் தொடங்கியதுதான் கேசட் கடை.

வாடிக்கையாளர் கேட்ட படத்தைக் கொடுக்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. ஆளைப் பார்ப்பாள், அலமாரியைப் பார்ப்பாள், தானே ஒன்றை எடுத்து மேசையில் வைப்பாள். "பேய்ப் படம் உங்களுக்கு ஆகாது. போன வாட்டி பாத்துட்டு உங்க வீட்டு லைட்டு விடிய விடிய எரிஞ்சுது. இந்தாங்க, சிரிப்புப் படம், எடுத்துட்டுப் போங்க." எதிர்த்துப் பேசியவர்களும் மறுநாள் வந்து படம் நன்றாக இருந்ததாக ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் போனார்கள். ஊரில் எல்லோரும் வழக்கமான கேசட்டுக்கு மாறிய பிறகும், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் மட்டும் தன்னுடைய சின்ன அளவு பீட்டா டெக்கை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் ஒருவருக்காகத் தனித் தட்டு ஒன்று வைத்திருந்தாள். நஷ்டம்தான். ஆனால் பிடிவாதக்காரர்களை அவளுக்குப் பிடிக்கும். சொந்த ஜாதி இல்லையா!

இப்படிப்பட்டவளால்கூட ஊரைக் கேசட் சுற்ற வைக்க முடியவில்லை. 'சுற்றிக் கொடுக்கவும்' என்று எழுதிப் பெட்டிக்கு மேல் ஒட்டினாள். யாரும் படிக்கவில்லை. சிவப்பு மையில் எழுதினாள். அதையும் படிக்கவில்லை. காலையில் கடை திறந்ததும் முதல் வேலையே, வந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக டெக்கில் போட்டுச் சுற்றுவதுதான். டெக் சூடாகி, கொதிக்கும் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் அப்படிச் சுற்றும்போதுதான் அவள் கவனித்தாள்: படம் முடிந்த பிறகும் நாடாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எல்லாக் கேசட்டிலும் கடைசியில் வெறும் இடம். பொட்டு வைக்காத நெற்றி மாதிரி சும்மா கிடந்தது.

"என்னங்க, கேமராவை எடுத்துட்டு வாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

கணவர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்தே அவர் எதற்கு, ஏன் என்று கேட்டதில்லை; கேட்டாலும் பதில் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும். கேசட் அலமாரிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் தங்கள் ஒரே மகளை ஏற்றி நிற்கவைத்தாள் கேசட்டம்மா. மகளுக்கு அப்போது ஐந்து வயது. இரட்டைப் பின்னல், கழுத்துவரை பவுடர். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "படம் முடிஞ்சுது. கேசட்டைச் சுத்திக் குடுங்க."

மகளுக்குப் பேச்சு திக்கும். எல்லா எழுத்திலும் இல்லை. சில எழுத்துகள் மட்டும் வாசலில் நின்றுகொண்டு வெளியே வர மறுக்கும். 'கே' அப்படிப்பட்ட எழுத்து. விளக்கு எரிந்தது, கேமரா ஓடியது. "படம் முடிஞ்சுது" என்று கணீரென்று சொன்னாள் குழந்தை. அப்புறம், "கே... கே... கே..." என்று நின்றாள். கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். "கேசட்டைச் சுத்திக் குடுங்க!" என்று முடித்துவிட்டு, பொக்கையாகச் சிரித்தாள்.

கணவர் கேமராவை இறக்கி, "இன்னொரு தடவை எடுத்துடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் எதையாவது கேட்டதே அபூர்வம்.

"எதுக்கு? எம்பொண்ணு இப்படித்தான் பேசுவா. முழுசா சொல்லி முடிச்சாளா இல்லையா?"

"முடிச்சா."

"அப்ப போதும்."

கடையில் இருந்த எல்லாக் கேசட்டின் வாலிலும் அந்தத் துண்டை நகல் எடுத்துச் சேர்த்தார்கள். வாங்கி வந்த கேசட்டின் முதுகில், மேலே யாரும் பதிவு செய்துவிடக் கூடாது என்று ஒரு பிளாஸ்டிக் பல்லை உடைத்திருப்பார்கள். அந்தப் பள்ளத்தின் மேல் செலோடேப் ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் செலோடேப் கிழிக்கும் சத்தம்தான்.

இனி ஊர் திருந்திவிடும் என்று அவள் நிச்சயமாக நம்பினாள். ஆனால் நடந்தது தலைகீழ். அதுவரை பாதிப் பேராவது சுற்றிக் கொடுத்தார்கள். இப்போது ஒருவர்கூடக் கொடுக்கவில்லை. நாடா கடைசிவரை ஓடிக் களைத்த நிலையில்தான் கேசட்டுகள் வந்தன. விசாரித்துப் பார்த்தால், படம் முடிந்ததும் எழுந்து போகிறவர்கள்கூட இப்போது, "இரு இரு, அந்தப் பாப்பா வரும்" என்று உட்கார்ந்துவிடுகிறார்களாம். பாப்பா வந்து, நின்று, சொல்லி முடித்ததும் டெக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுகிறார்களாம்! கேசட்டம்மாவுக்குக் கோபம் பாதி, பெருமை பாதி. பெருமைதான் ஜெயித்தது. புதுப்படம் வந்தபோதெல்லாம் மகளைப் புதிதாக ஸ்டூலில் ஏற்றினாள். பழைய சிரிப்புப் படங்களில் பல் விழுந்த குழந்தை வந்தாள், சண்டைப் படங்களில் பள்ளிச் சீருடை போட்ட சிறுமி வந்தாள். ஒரே வாரத்தில் நாலைந்து படம் எடுத்துப் போனவர்கள் அவள் வளர்வதையும் சேர்த்துப் பார்த்தார்கள். 'கே' மட்டும் வளரவில்லை. ஒவ்வொரு முறையும் நின்றது. ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை மூடி, மூச்சு இழுத்து, முடித்தாள்.

பதினான்கு வயதில் மகள் ஸ்டூலில் ஏற மாட்டேன் என்றாள். ஏறவும் இல்லை. பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளியில் அவள் உள்ளே நுழைந்ததும் வகுப்பே "கே... கே... கே..." என்று பாடியது, கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்தி "எங்கே, சொல்லு பாப்பா" என்று கேட்டது, இதெல்லாம் தாயின் காதில் விழாமல் இல்லை. "பேசுறவங்க பேசட்டும், நீ உன் பாட்டைப் பாரு" என்பாள். அது அவளுக்குச் சரிப்பட்டு வந்த வழி. எல்லோருக்கும் சரிப்பட்டு வரும் என்று நினைத்தாள். மகள் வெளியூர் போய்ப் படித்தாள், கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்கப் பேசும் வேலை. திக்கும் இடத்தில் நிற்பாள், அப்புறம் சொல்லி முடிப்பாள். மாணவர்கள் அவளிடம் மூச்சுக் காட்டுவதில்லை. ஆனால் ஊருக்கு வந்தால் மட்டும், காரைப் பின்சந்தில் நிறுத்தச் சொல்லி, கொல்லைப்பக்கக் கதவு வழியாகத்தான் வீட்டுக்குள் வருவாள். கிளம்புவதும் அப்படியே. முன்தெருவில் அவள் கால் வைத்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.

டிஸ்க் வந்தது, கேசட் போனது. கேசட்டம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "பிளாஸ்டிக் பொட்டிக்கு எவ அழுவா?" என்று சொல்லிவிட்டு, அவரவருக்குப் பிடித்த கேசட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். சந்தைக்கூட்டம் மாதிரி கூடிவிட்டார்கள். அறை காலியானதும் அதே அலமாரியில் துளைபோடும் இயந்திரம், ஏணி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் மோட்டார் என்று வாங்கி வைத்து அவற்றை வாடகைக்கு விட ஆரம்பித்தாள். வியாபாரம் இன்றுவரை ஜோராக நடக்கிறது. இப்போது, 'துடைத்துக் கொடுக்கவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அதையும் யாரும் படிப்பதில்லை.

எப்போதாவது யாராவது ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அந்த கேசட் காலம் மாதிரி வருமாக்கா?" என்று பெருமூச்சு விடுவார்கள். "அந்தக் காலத்துல உங்க வீட்டு டெக்குல கேசட் சிக்கி, ரிப்பனைத் தெரு நீளத்துக்கு இழுத்துக்கிட்டு வந்து நின்னீங்களே, அது மாதிரியா?" என்று கேட்பாள். பெருமூச்சு பாதியிலேயே நின்றுவிடும்.

ஆனால் அவளை ஒரு வாக்கியம் அறுத்துக்கொண்டிருந்தது. போன முறை வந்திருந்தபோது மகள் சொன்னது. கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டே, சத்தம் போடாமல் சொன்னாள்: "என் திக்குவாயைக் காப்பி போட்டு ஊருக்கே வாடகைக்கு விட்டியேம்மா." கேசட்டம்மா விருட்டென்று எழுந்தாள். முன்னறைக்குப் போய், ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த துளைபோடும் இயந்திரத்தை மறுபடியும் துடைத்தாள். தான் செய்தது சரி என்றுதான் அவள் மனம் சொன்னது. ஆனால் அதை மகளிடம் நிரூபிக்கக் கையில் ஒரு கேசட்கூட இல்லை.

கணவருக்குக் கண்ணில் புரை எடுத்த வாரம், உதவிக்காக மகள் வந்திருந்தாள். வழக்கம்போலக் கொல்லைப்பக்கமாகத்தான். அந்தச் சமயத்தில் ஏணி வாங்க வந்தார் தையல்காரர். தெருக்கோடியில் கடை வைத்திருப்பவர். பரண் சுத்தம் செய்கிறாராம். "உங்க கேசட் ஒண்ணு இன்னும் மேல கெடக்குக்கா. டெக்கு எப்பவோ போயிருச்சு. தூக்கிப் போடலாம்னா பெரிய பையன் விடமாட்டேங்கிறான்" என்றார்.

கேசட்டம்மா ஏணியைக் கொடுக்கவில்லை. தானே அதைத் தூக்கிக்கொண்டு அவருடன் நடந்தாள். திரும்பி வந்தபோது ஏணி இல்லை, கேசட் இருந்தது.

கணவரின் பழைய டெக்கை வெளியே எடுத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தாள். மகள் கூடத்துக்கு வந்து, அதைப் பார்த்ததும் திரும்பி நடந்தாள்.

"ஒரு தடவை பாரு. ஒரே தடவை. அப்புறம் எவ்வளவு வேணா திட்டு" என்றாள் தாய்.

"நான் பாக்கலம்மா. எனக்கு மனப்பாடமா தெரியும்."

"நீ பாத்ததே இல்லடி. நீ அதுல நின்ன. பாத்தது ஊரு."

அதில் நியாயம் இருந்தது போலும். மகள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒற்றைக் கண்ணில் கட்டோடு கணவரும் வந்து உட்கார்ந்தார். சண்டைப் படம் அது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் படம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. வேகமாக ஓட்டினாள். வில்லன் விழுந்தான், எல்லோரும் சேர்ந்து நின்றார்கள், திரை கறுத்தது. அப்புறம் மகள் வந்தாள்.

வந்தாள் என்று எப்படிச் சொல்வது? திரை முழுக்கப் பொரி பொரியாக வெள்ளைக் கோடுகள். நடுவே ஒரு பின்னல், ஸ்டூலின் ஒரு கால், சீருடையின் காலர். முகம் அழிந்துபோயிருந்தது. "படம் மு..." என்று ஒரு கரகரப்பு. அப்புறம் மழை பெய்கிற சத்தம் மட்டும்.

கேசட்டம்மா டெக்கைத் தட்டினாள், பொத்தானைத் திருகினாள். கோடுகள் போகவில்லை. அவளிடம் இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது.

"படம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் கணவர். எத்தனையோ கல்யாணங்களை ஓட்டிப் பார்த்த கண் அது, ஒன்றாக இருந்தாலும். "நாடா கெட்டுப்போனா முழுசா கெடும். இங்க மட்டும் போயிருக்குன்னா, இந்த எடத்துலயே நிறுத்தி நிறுத்திப் போட்டிருக்காங்க. நிறுத்தி வெச்சா ஹெட்டு அதே எடத்துல ஓரசிக்கிட்டே இருக்கும். தேஞ்சிரும்."

"சிரிக்கிறதுக்குப் போட்டிருப்பாங்க" என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை. "நான் திக்குறதை மறுபடி மறுபடி போட்டுப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க. போதுமா?"

இல்லை என்று சொல்லக் கேசட்டம்மா வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாது என்பதும் அவளுக்குப் புதுசு. கேசட்டை டெக்கிலிருந்து உருவினாள், செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"கேக்கப் போறேன். சிரிச்சாங்கன்னா, அந்த ஏணியைப் புடுங்கிக்கிட்டு வந்துருவேன். அவர் மேல நின்னுக்கிட்டு இருந்தாலும் சரி."

தாய் அதைச் செய்யக்கூடியவள் என்பது மகளுக்குத் தெரியும். பரண் மேல் ஒரு வயசான மனிதர் அந்தரத்தில் நிற்கும் காட்சி மனதில் வந்திருக்க வேண்டும். "அம்மா! நில்லும்மா!" என்று பின்னாலேயே ஓடிவந்தாள். பாதித் தெரு வந்த பிறகுதான், தான் முன்வாசல் வழியாக வந்துவிட்டதை அவள் உணர்ந்தாள். திரும்பிப் போகவும் முடியாது. தாய் கோடியை நெருங்கிவிட்டாள்.

தையல் கடையில் தையல்காரர் கண்ணில் படவில்லை; உள்ளே பரண் மேல் இருந்தார். மெஷினில் அவருடைய பெரிய மகன் உட்கார்ந்து ஒரு கோட்டுக்கு உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயது தாண்டியிருக்கும். கேசட்டம்மா கேசட்டை வெட்டுமேசை மேல் வைத்தாள். பீடிகை எல்லாம் அவளுக்குத் தெரியாது.

"இதோட கடைசி தேஞ்சு போயிருக்கு. எம்பொண்ணு வர்ற எடம். எதுக்கு அதை அத்தனை தடவை போட்டீங்க? உண்மையைச் சொல்லு."

அவன் மெஷினை நிறுத்தினான். தாய்க்குப் பின்னால் மூச்சிரைக்க நின்ற மகளைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டான்.

"நா... நா... நான்தாங்க்கா போட்டேன்" என்றான்.

அவன் கண்ணை மூடினான், மூச்சு இழுத்தான். அதே மாதிரி. மகள் அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்கூல்ல ப... பேரு சொல்லச் சொன்னா, நான் பாதியில விட்டுட்டு உக்காந்துருவேன். என்னை மாதிரி வேற யாரும் இல்லைன்னு நெனச்சேன். அப்பா ஒரு நாள் படம் எடுத்துட்டு வந்தாரு. நீங்க வந்தீங்க. நின்னீங்க. சரி, இவங்களும் விட்டுருவாங்கன்னு பாத்தேன். நீங்க மு... முடிச்சிட்டீங்க." துணியின் ஓரத்தை அவன் மடித்துக்கொண்டே இருந்தான். "நீங்க நிக்கிற எடத்துல டெக்கை நிறுத்துவேன். நானும் நிப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம். கேசட்டெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொன்னப்ப இதைத்தான் எடுத்துட்டு வந்தோம், அப்புறம் தினமும். கே... கே... கேசட் தேஞ்சு போனதுக்கப்புறமும் விடலைக்கா. அதுக்குள்ள எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு."

கேசட்டம்மாவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. குறுக்கே பேசவில்லை. அவளை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

மகள் மேசையிலிருந்த கேசட்டை எடுத்தாள். அதன் சின்னக் கண்ணாடி வழியாக நாடாவைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, உதடு சிரித்தது.

"கே..." என்று ஆரம்பித்தாள். நின்றது. கடைத்தெருவில், பட்டப்பகலில், வாசலில் இரண்டு பேர் துணி வாங்க நிற்க, நின்றது. அவள் அவசரப்படவில்லை. "கே... கேசட்டைச் சுத்திக் குடுத்தீங்களா?"

"இல்லக்கா" என்றான் அவன், தலையைச் சொறிந்துகொண்டு. "ஒரு நாளும் சுத்தலை."

இருவரும் சிரித்த சிரிப்பில் பரண் மேலிருந்து தையல்காரர், "என்னடா அங்க?" என்று கத்தினார்.

திரும்பி வரும்போது மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்தாலும் நீ என்னைக் கேட்டிருக்கணும்மா. ஊருக்குக் காட்டட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்றாள் கேசட்டம்மா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, நியாயம் பேசவில்லை.

அடுத்த வாரம், மகள் கிளம்பும் நாளன்று, கேசட்டம்மா டிரைவருக்கு போன் போட்டாள். பழக்கதோஷம். "பின்சந்துல வந்து நில்லுப்பா, கொல்லைப்பக்கக் கதவு..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த மகள் குறுக்கே பேசினாள்.

"முன்பக்கமா வரச் சொல்லும்மா."